ஐந்தாவது ஆள்

எங்கள் கட்டடத்தில் யாருக்கு என்ன வியாதி என்று டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். மாடிப்படி என் வாசலை உரசிக்கொண்டுதான் மேலே போகிறது. மாத்திரைப் பையை மறைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஏற முடியாது. கீழ்வீட்டு மாஸ்டரின் கண் விஷயம் மட்டும் எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மாஸ்டர் என்றால் டெய்லர் மாஸ்டர். முன்னறையில் மிஷின், பின்னறையில் குடித்தனம். புதன்கிழமை அவர் தைத்துக் கொடுத்த என் ரவிக்கையில் இடது கை வலது கையைவிட இரண்டு விரல் நீளம். சும்மா விடுவேனா? ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனேன். மனிதர் நூலை ஊசிக்குப் பக்கத்தில் இருந்த காற்றுக்குள் கோத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், காத்துக்குத் தையல் போடறீங்களா?"

"கண்ணுல தூசி அக்கா. ரெண்டு நாளா உறுத்துது."

உறுத்தவில்லை. மறைத்தது. சின்ன வயதில் ஏதோ பட்டு இடது கண் போனவர் அவர். இருப்பது வலது கண் ஒன்றுதான். அதில் கீழேயிருந்து ஒரு கறுப்புத் துணி ஏறிவந்தது. மனிதர் அதை அளந்துகூட வைத்திருந்தார். எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்தால் திங்கட்கிழமை பாதம் தெரியவில்லையாம், செவ்வாய்க்கிழமை முழங்கால் வரை தெரியவில்லையாம். ஒரு ஹோட்டலுக்கு நாற்பது சீருடை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் வீட்டில் வாயே திறக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில்தான் மாஸ்டர் வீட்டம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. அதனால் அந்த ரவிக்கைக் கையை நான் மன்னித்துவிட்டேன்.

வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு நேராகச் சொன்னார். கண்ணுக்குள்ளே இருக்கிற திரை கிழிந்து, சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி உரிந்து வருகிறது. நடுப்பகுதி உரிவதற்குள் ஒட்டிவிட்டால் பழைய பார்வை. நடுப்பகுதியும் உரிந்துவிட்டால் பிறகு ஒட்டினாலும் ஆள் நடமாடலாம், ஊசி கோக்க முடியாது.

"நாளைக்கு லிஸ்ட்ல நாலாவதா போடறேன். நாலு பேருக்குத்தான் நேரம். விட்டா செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை பண்ணிக்கலாமா டாக்டர்?" என்று மாஸ்டர் கேட்டார். சீருடை ஞாபகம்.

"நீங்க காத்திருப்பீங்க. அது காத்திருக்காது."

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். நீங்கள் எதற்குப் போனீர்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் நடந்ததை எனக்கு யார் வந்து சொல்வார்கள்? மாஸ்டர் வீட்டம்மா அழுகிறவளே தவிர, கோர்வையாக ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரிந்தவள் இல்லை.

கண் ஆபரேஷன் தியேட்டர் முதல் மாடியில் இருந்தது. நீளக் கூடம், சுவரோரம் பெஞ்சுகள், கடைசியில் வட்டக் கண்ணாடி வைத்த கதவு, அதற்கு மேல் ஒரு கடிகாரம். தலையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மாஸ்டரை சக்கரம் வைத்த கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். காலை எட்டரைக்குத் தியேட்டர் சிஸ்டர் வெளியே வந்து பலகையில் லிஸ்டை ஒட்டினாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். லிஸ்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. முதல் வரியில் சிவப்பு மையில் 'கைதி' என்று எழுதியிருந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, மூன்று நான்காகியிருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எங்கள் மாஸ்டர்.

"சிஸ்டர், நேத்து நாலுன்னு சொன்னீங்களே!"

"நேத்து நாலுதான். சாயங்காலம் ஜெயில்லேருந்து கடிதாசி வந்துச்சு. கைதி வந்தா முதல் ஆளா எடுத்துடணும்மா, எப்பவும் அப்படித்தான். ஆபரேஷன் முடிச்சு, கொஞ்ச நேரம் படுக்கவெச்சு, சாயங்காலம் அங்க தலை எண்ணறதுக்குள்ள கொண்டு போய்ச் சேர்க்கணும்."

"நாங்கள்லாம் யார் எண்ணிக்கையிலயும் இல்லையா?" என்றது ஒரு குரல். ஒன்றாம் நம்பர்காரரின் அண்ணன். கையில் மடித்த பேப்பர். அதைப் படித்து முடித்து, இனி யாருக்காவது ஒப்பிக்காவிட்டால் வெடித்துவிடுவேன் என்கிற முகம். பேப்பர் சார் என்று அந்த நிமிஷமே பெயர் வைத்துவிட்டேன்.

சிஸ்டர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. மாஸ்டர் வீட்டம்மாவைப் பார்த்துக் குரலைக் கொஞ்சம் தணித்தாள். "பத்து மணி வரைக்கும் பார்ப்பேன். வண்டி வரலைன்னா பழைய லிஸ்ட்தான், உங்க வீட்டுக்காரர் நாலாவது. பத்துக்கு மேல டாக்டர் யாருக்காகவும் நிக்க மாட்டார்."

மற்ற மூவரில் யாராவது இடம் விடுவார்களா என்று நான் ஒரு சுற்று விசாரித்துவிட்டு வந்தேன். மூவருக்கும் அதே திரை, அதே அவசரம். மூவரும் மிகுந்த மரியாதையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆக, அன்று காலை எங்களுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அந்த வண்டி பத்து மணிக்குள் வரக் கூடாது.

பெஞ்சில் என் வலது பக்கம் மாஸ்டர் வீட்டம்மா, கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி. இடது பக்கம் வேறொருத்தி. மடியில் துணிப்பை, பைக்குள் துவைத்து மடித்த ஆண்சட்டை. கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்படி ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது நான் பேசாமல் இருந்தால் எனக்கு ஜுரம் வந்துவிடும்.

"யாருக்கும்மா ஆபரேஷன்?"

"வீட்டுக்காரருக்கு."

"எங்க, காணோமே?"

"வந்துட்டிருக்காரு."

"தனியாவா வரார்? கண்ணு தெரியாத மனுஷனை யாராவது தனியா விடுவாங்களா?"

"தனியா விட மாட்டாங்கக்கா," என்றாள். அப்போதும் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நகர்ந்து உட்காரவில்லை. இன்னும் நெருங்கித்தான் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் முழுக்கதையும் கைக்கு வந்தது. லாரி டிரைவர். ஒரு மாலை குடித்துவிட்டு வண்டியை எடுத்து, சைக்கிளில் போன ஒருவர் மேல் ஏற்றிவிட்டார். ஆள் அங்கேயே போய்விட்டார். நான்கு வருஷம் தண்டனை, இரண்டு முடிந்திருக்கிறது. "தப்பு பண்ணிட்டாருக்கா. நான் இல்லேன்னு சொல்லல. செத்தவர் வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னேன், கதவைத் திறக்கல. நானா இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்." உள்ளே போன பிறகு கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். இன்னொரு கண், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரியாம். குழாய் வர வரச் சிறுத்துக்கொண்டே போகிறதாம்.

"சீக்கிரம் பண்ணியிருக்கலாமே?"

"நாலு தடவை தேதி குடுத்தாங்க. ஒரு தடவை யாரோ பெரிய மனுஷர் வரார்னு காவலுக்கு ஆள் இல்லேன்னாங்க. ஒரு தடவை கடிதாசி வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. ஒரு தடவை வண்டி இருக்கு, டிரைவர் லீவு. எங்க வீட்டுக்காரர் நான் ஓட்டறேன்னு சொன்னாராம், எல்லாரும் சிரிச்சாங்களாம்." அவளும் கொஞ்சம் சிரித்தாள். "போன தடவை கொண்டுவந்தாங்க. பத்தே காலுக்கு."

"சாப்பாடெல்லாம் எப்படி அங்க?" நான் கேட்காமல் யார் கேட்பது?

"அதுல குறையே இல்லக்கா. தினம் பால். வாரம் ரெண்டு நாள் முட்டை, ஞாயித்துக்கிழமை கறி. கட்டில், ஃபேன், கூடத்துல டிவி. வீட்டுல நாங்க அப்படிச் சாப்பிட்டதில்ல. ஒரு சுத்து பெருத்துட்டாரு." இரண்டு வருஷமாக அவளுக்கு வேறு ஆறுதல் இல்லை போலிருக்கிறது. ஒவ்வொன்றையும் விரல் மடக்கிச் சொன்னாள்.

ஒன்பதரை.

"அக்கா," என்று வலது காதில் மாஸ்டர் வீட்டம்மா. "வராது இல்ல?"

"வராதும்மா."

"வந்துடும் இல்லக்கா?" என்று இடது காதில் இவள்.

"வந்துடும்மா."

இரண்டு பேரும் பார்த்தது ஒரே கடிகாரத்தை. எந்தக் காலடிச் சத்தம் கேட்டாலும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப்போட்டது. நடுவில் நான், இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டு.

"இங்க குனி," என்றார் மாஸ்டர் கட்டிலிலிருந்து. வீட்டம்மா அவர் முகத்துக்கு மேலே குனிந்தாள். "உன் ரவிக்கைக் கழுத்து மறைஞ்சுடுச்சு. காலைல மார்பளவுதான் இருந்துது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

என்னால் உட்கார முடியவில்லை. டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கினேன். வாசலில் ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட வண்டி நின்றது. மணி ஒன்பது நாற்பத்தெட்டு. வண்டிக்குள் இருட்டில் வெள்ளையாக ஓர் உருவம், அதற்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு காவலர். வெளியே டீக்கடை மேடையில் சாய்ந்துகொண்டு இன்னொரு காவலர், தொந்தியும் தானுமாக, கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார்.

என் மூளை என் காலைவிட வேகம். நேராக அவரிடம் போனேன்.

"என்ன சார், காலைலேயே டியூட்டியா? பாவம்."

காவலர்களுக்குப் பாவம் என்று சொல்ல யாரும் இருப்பதில்லை. அவர் உருகிவிட்டார். நாலு பேர் வர வேண்டிய காவலுக்கு இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்கள், ஒரு வாரமாகத் தூக்கமில்லை, மேலதிகாரி ஒரு மாதிரி என்று எல்லாம் வந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி போட்டேன். இன்னொரு டீ வாங்கித் தந்தேன். முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தேன். முழங்கால் வலி என்றால் ஐந்து நிமிஷமாவது ஓடும் என்பது என் அனுபவம்.

"ரெண்டே பேர் வந்து கூட்டத்துல ஏதாவது ஆச்சுன்னா?" என்றேன்.

"அதாம்மா. சனங்க கூடிச் சத்தம் போட்டா ஆளைத் திருப்பிக் கொண்டு போயிடணும், உத்தரவு. வம்பு எனக்கெதுக்கு?" என்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து டம்ளரை வைத்தார். "ஐயோ, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு! நீங்க ஒருத்தர், பேசவிட்டா விட மாட்டீங்க போல."

எனக்கு முன்னால் அவர்கள் படியேறினார்கள்.

கூடத்துக்குள் நுழைந்தபோது ஒன்பது ஐம்பத்தாறு. இடது பக்கத்துக்காரி எழுந்து ஓடினாள். "தள்ளி நில்லும்மா," என்றார் தொந்திக் காவலர். அவள் தள்ளி நின்றாள், துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு. கைதியின் மணிக்கட்டிலிருந்து ஒரு சங்கிலி ஒல்லிக் காவலரின் இடுப்புக்குப் போனது. கைதி நிஜமாகவே ஒரு சுற்றுப் பருமன்தான். கன்னம் பளபளவென்று இருந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, தன் குழாய்க்குள் பெண்டாட்டியைத் தேடினார்.

சிஸ்டர் பேனாவை எடுத்துச் சிவப்பு வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

"வந்துட்டாரா?" என்றார் மாஸ்டர், கூரையைப் பார்த்தபடி.

வீட்டம்மா அவர் மேல் குனிந்தாள்.

"உன் மோவாய் தெரியல," என்றார் மாஸ்டர் மெதுவாக.

இதற்கப்புறம் நடந்ததற்கு நான் யாரையும் சாட்சிக்கு இழுக்கப் போவதில்லை. பேப்பர் சாருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ரகசியம் சொல்கிற மாதிரி, ஆனால் நாலு பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும்.

"பார்த்தீங்களா சார், எப்படி மெருகேறி இருக்காருன்னு? தினம் பாலாம். முட்டையாம், ஞாயித்துக்கிழமை கறியாம். கட்டில், ஃபேன், டிவி. குடிச்சுட்டு ஒரு மனுஷன் மேல லாரியை ஏத்தினவர் சார். அவருக்கு முதல் நம்பர். நாள் பூரா மிஷின் மிதிச்சவருக்கு செவ்வாய்க்கிழமை."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாம் அவர் மனைவி என்னிடம் விரல் மடக்கிச் சொன்னது.

பேப்பர் சார் இந்த நிமிஷத்துக்காகவே பிறந்தவர். "இதைத்தான் நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்!" என்று எழுந்தார். "ஒழுங்கா இருக்கிறவன் தண்ணிக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. தப்பு பண்ணினவனுக்கு வாசல்வரைக்கும் வண்டி. அடுத்த தடவை கண்ணு வலிச்சா நானும் யாரையாவது ரெண்டு தட்டு தட்டிட்டு வரேன், வேற வழி?"

சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு இரண்டு பெஞ்சும் எழுந்தன.

"எங்க அம்மா மூணு மாசமா நடக்கறாங்க சார் இந்த ஆஸ்பத்திரிக்கு!"

"சங்கிலி போட்டா சலுகையா?"

"செத்தவன் வீட்டுல யாருக்காவது பால் ஊத்தறாங்களா?"

கைதி சத்தம் வந்த பக்கம் எல்லாம் தலையைத் திருப்பினார். யார் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் யாரும் இல்லாத தூணைப் பார்த்துக் கத்தினார். "வாங்கய்யா! என் இடத்துல வந்து நாலு நாள் படுங்க! பாலைக் குடிங்க! ராத்திரி முழுக்கக் கண்ணைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துங்க, எவன் கதவைத் திறக்கறான்னு பார்க்கலாம்!"

"கொலை பண்ணிட்டு வாயைப் பாரு!" என்று ஒருவர் நெருங்கினார். ஒல்லிக் காவலர் சங்கிலியை இழுத்துக் கைதியைச் சுவரோடு சாய்த்தார். தொந்திக் காவலர் கூட்டத்தைப் பார்த்தார், தன்னோடு வந்த ஒற்றை ஆளைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"கூட்டம் கூடிடுச்சு. ஆளைத் திருப்பிக் கொண்டு போறேன்."

"அப்படி உங்க இஷ்டத்துக்குக் கொண்டு போக முடியாது," என்றாள் சிஸ்டர். "நாளைக்கு ஆஸ்பத்திரிதான் திருப்பி அனுப்பிச்சுன்னு எங்க தலையில எழுதுவாங்க. ஏன் போறீங்கன்னு எழுதிக் குடுங்க. பொதுசனம் ஒருத்தர் கையெழுத்தும் வேணும்."

வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரின் முகம் வந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. "ரெண்டு நிமிஷம். யாரை உள்ள தள்றீங்களோ தள்ளுங்க."

தொந்திக் காவலர் சுவரில் வைத்தே எழுதினார், நகல் எடுக்கக் கரித்தாள் வைத்து. எழுதிவிட்டுப் பேப்பர் சாரிடம் நீட்டினார். "நீங்கதானே சார் சத்தம் போட்டது? போடுங்க."

பேப்பர் சார் ஓரடி பின்னால் போனார். "நான் பொதுவாப் பேசினேன். இவரைன்னு குறிப்பாச் சொல்லலையே?"

"நீங்க சார்?"

"நான் இப்பத்தான் வந்தேன்."

அரை நிமிஷத்தில் அத்தனை பேரும் தங்கள் தங்கள் பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவு ஒழுங்கான கூடத்தை நான் பார்த்ததில்லை. தொந்திக் காவலர் தாளைப் பிடித்தபடி நின்றார். "அப்ப கூட்டமே இல்லையா? யாரும் போடலைன்னா நான் எதை வெச்சுக் கொண்டு போறது? ஆபரேஷன் நடக்கட்டும், விடுங்க." என்னைப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்த முகம் ஞாபகம் வந்துவிட்டது. "அம்மா, நீங்களும் பேசினீங்க இல்ல?"

வாயால் ஆயிரம் சொல்லியிருக்கிறேன். கையால் ஒன்றையும் எழுதிக் கொடுத்ததில்லை. வாயால் சொன்னதை மறுநாள் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம், யார் சொன்னது என்றுகூடக் கேட்கலாம். பேனா என் கைக்கு வந்தது.

மாஸ்டர் வீட்டம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கைதியின் மனைவி என்னிடம் வந்தாள். கையைப் பிடிக்கவில்லை, காலில் விழவில்லை. "அக்கா, நான் மீதியும் சொன்னேனே. அதையும் சொல்லுங்கக்கா."

சொல்லியிருக்கலாம். நாலு தேதி, டிரைவர் லீவு, பத்தே கால். நான் சொன்னால் அந்தக் கூடம் கேட்டிருக்கும், பேப்பர் சார்கூட ஒரு 'த்சொ' கொட்டியிருப்பார். அப்புறம் கைதி உள்ளே போவார். எங்கள் மாஸ்டர் கோட்டுக்குக் கீழேயே படுத்திருப்பார், செவ்வாய்க்கிழமை வரை.

"என்ன நடக்குது?" என்றார் மாஸ்டர். "எல்லாரும் ஏன் பேசாம இருக்கீங்க?"

கையெழுத்துப் போட்டேன். பெயர், விலாசம், வயது எல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வயதில் ஒன்றும் குறைக்கவில்லை.

சங்கிலி திரும்பிப் படியிறங்கியது. கைதி கத்தவில்லை. "எந்தப் பக்கம் படி?" என்று ஒல்லிக் காவலரைக் கேட்டதுதான் கேட்டது. அவர் மனைவி பையைக் கொடுக்கக் கையை நீட்டினாள். "வெளிச்சாமான் வாங்கக் கூடாது," என்றார் தொந்திக் காவலர். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது, சாயங்காலத் தலையெண்ணிக்கைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்ததல்லவா.

சிஸ்டர் லிஸ்டில் சிவப்பு வரியை அடித்தாள். கோட்டை அழித்து, மாஸ்டர் பெயருக்குக் கீழே போட்டாள்.

பிறகு நாலு மணி நேரம். மாஸ்டரை உள்ளே தள்ளியபோது மணி ஒன்று. "மூக்கு வரைக்கும் வந்துடுச்சு," என்று சொல்லிக்கொண்டேதான் போனார். அந்த நாலு மணி நேரமும் மாஸ்டர் வீட்டம்மா என் கையை விடவில்லை. "உங்க வாயை எல்லாரும் குறை சொல்லுவாங்கக்கா, நான்கூடச் சொல்லியிருக்கேன்," என்றாள் ஒரு தடவை. "இன்னிக்கு அந்த வாய்தான் எங்களைக் காப்பாத்துச்சு." பாராட்டு எனக்குப் பிடிக்கும். அதை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

கைதியின் மனைவி போகவில்லை. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று நம்பர்காரர்கள் காலையில் பார்த்த அதே ஜன்னல். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர.

இரண்டு மணிக்கு டாக்டர் முகமூடியைக் கழற்றியபடி வெளியே வந்தார். "ஒட்டியாச்சு. நடுப்பகுதி அப்படியே இருந்துச்சு, தப்பிச்சார். இன்னும் ஒரு நாள் போயிருந்தா நான் பொறுப்பில்ல." மாஸ்டர் வீட்டம்மா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே உள்ளே ஓடினாள்.

பேப்பர் சார் தம்பியை அழைத்துக்கொண்டு கிளம்புகிற வழியில் என் பக்கத்தில் நின்றார். "நல்ல வேலை பண்ணினீங்கம்மா. இப்படி நாலு பேர் தைரியமா இருந்தா நாடு திருந்தும்."

"சார், அந்த ஆளுக்கு இதுக்கு முன்னாடி நாலு தடவை தேதி போயிருக்கு," என்றேன். "காவலுக்கு ஆள் இல்லைன்னு ஒரு தடவை, வண்டி ஓட்ட ஆள் இல்லைன்னு ஒரு தடவை..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" பேப்பரைக் கக்கத்தில் செருகினார். "நம்ம ஆளுக்கு நல்லபடியா முடிஞ்சுதில்ல?" போய்விட்டார். என் கதையைப் பாதியில் விட்டுவிட்டு இதுவரை யாரும் எழுந்து போனதில்லை.

சிஸ்டரிடமிருந்து ஒரு தாளை வாங்கிக்கொண்டு எதிர்ப் பெஞ்சுக்காரி என்னிடம் வந்தாள். தொந்திக் காவலர் எழுதியதன் நகல். அதை ஜெயிலில் கொடுத்தால்தான் புதுத் தேதிக்குக் கேட்க முடியுமாம்.

"இதைப் படிங்கக்கா."

"உனக்குப் படிக்க..."

"எனக்குப் படிக்கத் தெரியும். நீங்க படிங்க."

படித்தேன். "சிகிச்சைக்காக அழைத்து வரப்பட்ட கைதிக்கு முன்னுரிமை தருவதைப் பொதுமக்கள் திரண்டு ஆட்சேபித்ததாலும், அவருடைய பாதுகாப்பைக் கருதியும், திருப்பி அழைத்துச் செல்லப்படுகிறார். சாட்சி." அதற்குக் கீழே என் பெயர். அதையும் படித்தேன். விலாசத்தையும் படித்தேன். கூடத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கூட நின்று கேட்டார்.

"பொய் ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். "திரண்டாங்க. ஆட்சேபிச்சாங்க. பால் குடுக்கறாங்க, அதுவும் நெஜம்." தாளை வாங்கி மடித்தாள். "இதைக் கொண்டு போய்க் குடுத்தா, இவரை வெளிய கொண்டு போனா கலாட்டா, தப்பு எங்க பேர்லன்னு ஆயிடும். எப்பத் தேதி வரும்னு தெரியாது. அவருக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்குன்னும் தெரியாது."

மடித்த தாளைத் துணிப்பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மீதியை எழுதிக் குடுங்க. உங்க பேர் போட்டு."

"என் பேர்ல எழுதினா யார் மதிப்பாங்க?"

"காலைல மதிச்சாங்களே."

சிஸ்டரிடம் போய் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். அவள் எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒரு தாளுக்குப் பதில் இரண்டு தாளாகக் கிழித்துக் கொடுத்தாள். "இதெல்லாம் செல்லுமான்னு எனக்குத் தெரியாதும்மா. ஃபைல்ல வேணா வெக்கறேன்."

பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்ப் பெஞ்சுக்காரியின் துணிப்பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்தேன். உள்ளே அந்தச் சட்டை இருந்ததால் பேனா அழுந்தவில்லை, எழுத்து கோணல்மாணலாக வந்தது. இந்தக் கைதியின் மனைவி இன்று காலை ஒன்பது மணி அளவில் என்னிடம் கூறியவற்றில் நான் மற்றவர்களிடம் சொல்லாமல் விட்டவை என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"முதல் தேதி சொல்லும்மா."

அவள் தேதியைச் சொன்னாள், கிழமையையும் சொன்னாள். நான் கேட்காமலே அன்று எத்தனை மணிக்கு இந்தப் பெஞ்சுக்கு வந்து எத்தனை மணிக்கு எழுந்து போனாள் என்பதையும் சொன்னாள்.

கதவு திறந்தது. மாஸ்டர் வீட்டம்மா பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "அக்கா! அவரை வார்டுக்குத் தள்ளறாங்க. உங்களைத்தான் கேக்கறார். வாங்களேன்!"

"போய்க்கிட்டே இரு, வரேன்," என்றேன். இடது பக்கம் திரும்பினேன். "ம், ரெண்டாவது?"